காணாமல் போன இடம்

ஜூலை 10, திங்கள்

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்ததை இங்கேயும் அப்படியே எழுதி வைக்கிறேன். யார் எப்போது கேட்டாலும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும்.

பெயர் டைட்டஸ். என் கூடப் பிறந்த அண்ணன். வயது ஐம்பத்து நான்கு. அறிவு ஐந்து வயதுப் பிள்ளைக்கு உள்ளதுதான். மாநிறம். இடது புருவத்தில் தழும்பு. பச்சைக் கட்டம் போட்ட சட்டை, சாம்பல் நிற பேன்ட். நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, நான் கோயிலில் முதல் ஆராதனைக்குப் போயிருந்தபோது, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர் திரும்பவில்லை.

என் வீட்டுக்காரர் செல்வின் வெள்ளிக்கிழமையே நாசரேத்துக்கு ஒரு கல்யாண வேலையாகப் போயிருந்தார். நேற்று மத்தியானம் திரும்பி வந்தார். அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

"கதவப் பூட்டாமலா போன?"

"மறந்துட்டேன்."

அம்மா இறந்து அண்ணன் எங்களோடு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு நாள்கூட நான் கதவைப் பூட்ட மறந்ததில்லை. அது அவருக்கும் தெரியும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேடப் போனார். இன்றைக்கும் வேலை பார்க்கும் கடைக்கு லீவு போட்டுவிட்டு அலைகிறார். மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட், ஆற்றங்கரை.

மத்தியானம் குழம்பு வைத்தேன். மூன்று பேருக்கு வைத்துவிட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ்கள் அடித்துக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் டீச்சர் பத்மாவதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள்.

"நோட்டீஸ் ஒட்டுனா ரெண்டு நாள்ல மேல இன்னொரு நோட்டீஸ் ஒட்டிருவாங்க. ஒரு வெப்சைட் போடுங்கக்கா. போட்டோ, அடையாளம், போன் நம்பர் எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். லிங்க அனுப்பிட்டா போதும், எந்த ஊர்லயும் பாப்பாங்க."

"எந்த ஊர்லயுமா?"

"ஆமா. சென்னைலகூட."

எனக்கு டைப் அடிப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது என்றேன். அதுவே போதும் என்றாள். புதிதாகக் கற்பவர்களுக்கென்று மூன்று வகை மென்பொருள் இருக்கிறதாம். ஒன்று வலைப்பூ: எழுதினால் போதும், வேறு ஒன்றும் தெரிய வேண்டாம். இரண்டாவதில் ஆயத்தமாகச் செய்து வைத்த பக்கங்கள் இருக்கும், படத்தையும் எழுத்தையும் மவுஸால் இழுத்து வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது பெரியது. எதை வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் அதற்கு இணையத்தில் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும், பாகம் பாகமாக ஏற்ற வேண்டும், வாரா வாரம் புதுப்பிக்க வேண்டும்.

"செய்றது பெருசு இல்லக்கா. செஞ்சத சரியா வச்சுக்கிடணும். அதுதான் வேல."

ஜூலை 12, புதன்

முதலில் வலைப்பூவை முயன்றேன். ஒரு மணி நேரத்தில் பக்கம் வந்துவிட்டது. ஆனால் இன்று ஒரு செய்தி எழுதினால் நேற்றைய செய்தி கீழே போய்விடுகிறது. அண்ணனின் படமும் அதோடு கீழே போகிறது. பார்க்கிறவர்கள் விரலால் தள்ளித் தள்ளித் தேட வேண்டும். அத்தனை பொறுமை யாருக்கு இருக்கும்? அழித்துவிட்டேன்.

மூன்றாவதைப் பத்மாவதி திறந்து காட்டினாள். இடது பக்கம் முழுக்கப் பட்டியல். எதைத் தொட்டால் எது உடையும் என்று பயமாக இருந்தது. மூடச் சொல்லிவிட்டேன்.

பால் ஊற்றும் சரசு இன்று வாசலில் நின்று கேட்டாள்: "சனிக்கிழம விடியக்காலம் அண்ணனும் நீங்களும் பைய தூக்கிட்டு எங்கக்கா போனீய?"

ஆஸ்பத்திரிக்கு என்றேன். பையோடா என்று கேட்கவில்லை. பாலை ஊற்றிவிட்டுப் போனாள்.

ஜூலை 13, வியாழன்

இரண்டாவது வகைதான். முடிவு செய்துவிட்டேன். கணக்குத் திறந்ததும் நூற்றுக்கணக்கில் மாதிரிப் பக்கங்கள் வந்தன. கேக் கடை, யோகா வகுப்பு, அழகு நிலையம். காணாமல் போனவர்களுக்கென்று ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு கல்யாணப் பக்கத்தை எடுத்தேன். மேலே பெரிய படம், கீழே தேதி, இடம், தொடர்பு எண். எனக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. மோதிரங்களையும் ரோஜாப்பூக்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் நின்ற இடத்தில் அண்ணனின் படத்தை வைத்தேன். கல்யாணத் தேதி இருந்த இடத்தில் காணாமல் போன தேதி. மண்டபத்தின் பெயர் இருந்த இடத்தில் காணாமல் போன இடம்.

அதற்குக் கீழே "எங்கள் கதை" என்று ஒரு பெட்டி. அதில் எழுத ஆரம்பித்தேன். கை அதன்போக்கில் பதினோரு வரி அடித்துவிட்டது. வாசித்துப் பார்த்தேன். முழுவதையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். திரையில் ஒரு எழுத்து மிச்சமில்லை. காவல் நிலையத்தில் கொடுத்ததையே அங்கே அடித்தேன்.

ஜூலை 14, வெள்ளி

காலை பதினொன்றுக்கு "வெளியிடு" என்ற பொத்தானை அழுத்தினேன். பத்மாவதி ஆசிரியர்கள் எல்லோருக்கும் லிங்கை அனுப்பினாள். அவளும் திருத்தங்கள் செய்ய வசதியாக அவள் பெயரையும் சேர்த்திருக்கிறேன்.

இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டுகிறது. மாலை ஐந்து மணிக்கு: திருநெல்வேலி 161, தூத்துக்குடி 22, சென்னை 18.

மதுரை 3.

ஜூலை 15, சனி

காமராசர் பிறந்தநாள் விழா முடிந்ததும் பள்ளி வேலையாக மதுரைக்குப் போனேன். செல்வினிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஜங்ஷனில் இரண்டு மணி நேரம் இருந்தேன். பிளாட்பாரத்து டீக்கடைக்காரர், சுமை தூக்குபவர்கள், கூட்டிப் பெருக்கும் அம்மா என்று எல்லோரிடமும் போனில் படத்தைக் காட்டினேன். யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. ஸ்டேஷன் வாசல் ஆட்டோக்காரர் ஒருவர் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் லிங்கைப் போட்டார். "பாளையங்கோட்டைல தொலைஞ்சவர இங்க வந்து தேடுறீங்களேம்மா" என்றார்.

ஜூலை 17, திங்கள்

எதிர் மளிகைக் கடையின் கேமராவைப் பார்க்கப் போவதாகக் காலையில் செல்வின் சொன்னார். "ஞாயித்துக்கிழம எந்தப் பக்கமாப் போனான்னு தெரிஞ்சிரும்லா?"

அவர் கடைக்குள் போவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். பத்து நிமிடம். வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார். இந்த மாதம் முழுக்கக் கேமரா ஓடவில்லையாம்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றுகிறது என்று சொன்னேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூலை 18, செவ்வாய்

மதுரை 9.

ஜூலை 19, புதன்

பக்கத்தின் நிறத்தை மாற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். போனில் பார்த்தால் அண்ணனின் நெற்றி வெட்டுப்படுகிறது என்று படத்தைக் கீழே இறக்கினேன். வேறொரு மாதிரிப் பக்கத்துக்கு முழுவதையும் மாற்றிப் பார்த்துவிட்டு மறுபடி பழையதற்கே வந்தேன். ஒரே நாளில் இருபது தடவை வெளியிட்டிருக்கிறேன்.

பத்மாவதி கேட்டாள்: "எல்லாம் நல்லாத்தானக்கா இருக்கு. என்னத்தத் திருத்திக்கிட்டே இருக்கீங்க?"

"யாரும் கூப்பிட மாட்டேங்கிறாங்களே டீச்சர்."

ஜூலை 20, வியாழன்

தூத்துக்குடி அரசு மருத்துவமனையில் அடையாளம் தெரியாத உடல் ஒன்று இருப்பதாகக் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. ஐம்பது வயதுக்கு மேல், மாநிறம். செல்வின் தனியாகப் போனார். நானும் வருகிறேன் என்றேன். "நீ பாக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

மூன்று மணிக்குத் திரும்பினார். வாசலிலேயே நின்று, "அவன் இல்ல" என்றார். பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நெடுநேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"பயந்து பயந்து போனேன் பெனிட்டா. துணிய எடுக்கும்போது கண்ண மூடிக்கிட்டேன்."

நான் குழாயை மூடினேன்.

ஜூலை 21, வெள்ளி

மத்தியான இடைவேளையில் பத்மாவதி என்னைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"நேத்து நீங்க பண்ணுன திருத்தத்துல போன் நம்பர்ல ஒரு எண் விட்டுப் போச்சு. பழசத் திரும்ப எடுக்கலாம்னு போனேன். இந்த மென்பொருள் ஒவ்வொரு தடவையும் நாம அடிக்கிறத எல்லாம் தனித்தனியா சேத்து வைக்குமக்கா. வெளியிடாததையும். அழிச்சதையும்."

திரையின் வலது பக்கம் தேதியும் நேரமுமாக ஒரு நீண்ட பட்டியல். அவள் ஜூலை 13-ஐத் தொட்டாள். என்னுடைய பதினோரு வரியும் அங்கே இருந்தது.

நான் வாசிக்கவில்லை. எனக்குத் தெரியும் என்ன இருக்கிறதென்று. சுவரில் மாட்டியிருந்த வகுப்பு அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா ஒண்ணு சொல்லுதேன். நானூறு பேர் பாத்த பக்கத்துல நாளும் தப்பு, ஊரும் தப்பு. இவ்வளவு பாடுபட்டு அத வச்சு என்ன செய்ய? பாக்கிறவங்களுக்கு நீங்களே வேற வழியக் காட்டி அனுப்புறீங்கக்கா."

"எனக்கு எங்க வீட்டுக்காரர நினைச்சாத்தான் பயமா இருக்கு டீச்சர்."

"அண்ணனுக்கும் இப்பம் பயமாத்தான் இருக்கும்."

ஜூலை 22, சனி

காலையில் செல்வின் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். இன்றைக்கு அம்பாசமுத்திரம் பக்கம் போவதாகச் சொன்னார். அந்தச் சாவியைக் கையிலிருந்து வாங்கினேன்.

அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இல்லை. எட்டாம் தேதி, சனிக்கிழமை. வீட்டிலிருந்தும் இல்லை. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு இல்லம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர் நாசரேத் போன சமயம் பார்த்து, அண்ணனை அங்கே சேர்த்துவிட அழைத்துப் போனேன். தனியாகக் கழிப்பறைக்குப் போகத் தெரியாதவர்களை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வெயிலில் மறுபடி ஜங்ஷனுக்கு வந்தோம். பிளாட்பாரத்தில் அண்ணன் நின்ற இடத்திலேயே பேன்ட்டை நனைத்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். ஏழு மாதமாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன். என்னைவிட ஒரு அடி உயரமான ஆளைத் தினமும் குளிப்பாட்டுகிறேன். அந்த நிமிடம் என்னால் முடியவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, "இங்கேயே இரு, தண்ணி வாங்கிட்டு வாரேன்" என்றேன். அப்போது திருநெல்வேலி வண்டி வந்தது.

ஏறிவிட்டேன்.

விருதுநகரில் இறங்கினேன். பஸ் பிடித்துத் திரும்பினேன். போய்ச் சேர இரண்டரை மணி நேரம். பெஞ்சு காலியாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து, மறுநாள் நாலு பேர் பார்க்கக் கோயிலுக்குப் போனேன்.

செல்வின் நின்றுகொண்டே கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ ரயில்ல ஏறுனத அவன் பாத்தானா?"

"பாத்தாரு. டாட்டா காட்டுனாரு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "மாத்து. அந்தப் பக்கத்த இப்பமே மாத்து. நான் இங்க இருக்கேன்."

லேப்டாப்பைத் திறந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, காணாமல் போன நாள் என்ற இடத்தில் ஜூலை 8, சனிக்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணி என்று அடித்தேன். இடம்: மதுரை ஜங்ஷன். "எங்கள் கதை" பெட்டியில் இப்படி எழுதினேன்: "என் அண்ணன் டைட்டஸை நான்தான் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு ரயில் ஏறினேன். முன்பு இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது பொய். அவர் என்னைத் தேடிப் பக்கத்தில் நின்ற வேறு ரயிலில் ஏறியிருக்கலாம். அவருக்குத் தெளிவாகச் சொல்ல வரும் ஒரே வார்த்தை 'பென்னி.' அது நான்தான்."

வெளியிட்டேன். பிறகு இருவரும் காவல் நிலையத்துக்கு நடந்து போனோம். ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொள்ள அவர் விரும்பவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

ஒரே நாளில் ஆறாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். நாற்பத்தொரு போன். முப்பத்தெட்டு பேர் திட்டத்தான் கூப்பிட்டார்கள். ஒரு பெண், "நீயெல்லாம் பொம்பளையா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். துண்டிக்காமல் இருந்தேன். அவளே வைத்துவிட்டாள்.

கோயிலுக்குப் போகவில்லை.

போன் நம்பரை எடுத்துவிட்டு செல்வினுடையதைப் போடலாமா என்று பத்மாவதி கேட்டாள். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றேன்.

ஜூலை 24, திங்கள்

காலை பத்தரை. புது நம்பர். இதுவும் திட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்து எடுத்தேன். ஒரு இளம்பெண்ணின் குரல்.

"ஏங்க, நான் கொடைரோட்டுல இருந்து பேசுறேன். எங்கம்மா ஸ்டேஷன்ல திராட்சை விக்கிறாங்க. பிளாட்பாரத்துல ஒருத்தரு இருக்காரு. போன வாரமே உங்க பக்கத்தப் பாத்தேன், மூஞ்சி அவரு மாதிரியே இருந்துச்சு. ஆனா ஞாயித்துக்கிழம காணாமப் போனாருன்னு போட்டுருந்துச்சா, இவரு சனிக்கிழமையே இங்க வந்துட்டாரு. அப்ப ஆளு வேறன்னு விட்டுட்டேன். இப்பப் பாத்தா சனிக்கிழமன்னு மாத்திப் போட்டுருக்கு."

போனை நீட்டினேன். செல்வின் போனை வாங்கினார்.

"அவன் ஏதாவது பேசுதானாம்மா?"

ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "பென்னி, பென்னின்னு மட்டும் சொல்லுவாரு."

ஜூலை 25, செவ்வாய்

நேற்று மாலையே கொடைரோடு போய்ச் சேர்ந்தோம். மதுரையைத் தாண்டியபோது நான் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

அண்ணன் பிளாட்பாரத்தின் கோடியில், திராட்சைக் கூடைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கத் தாடி. யாருடையதோ வெள்ளைச் சட்டை. பாதி இளைத்துப் போயிருந்தார். முதலில் செல்வினைத்தான் பார்த்தார். வாயெல்லாம் சிரிப்பு. வாரா வாரம் சவரம் செய்து விடுகிறவர் வந்துவிட்டார் என்று தாடையைத் தூக்கிக் காட்டினார். செல்வின் அந்தத் தாடையைப் பிடித்துக்கொண்டு, கூடைகளுக்கு நடுவிலேயே மண்டியிட்டார்.

பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. எழுந்து மெதுவாக வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். என் தோளில் தொங்கிய பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். விடவில்லை.

திராட்சை விற்கும் பாண்டியம்மாள் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள்.

"பென்னியா நீயி?"

"ஆமா."

"ஒவ்வொரு வண்டியா பொம்பளையாளுக இறங்குற பெட்டியாப் பாத்து ஓடுவாரு. பென்னி, பென்னின்னு கூப்புடுவாரு. நாங்க ஏதோ ஊரு பேராக்கும்னு நெனச்சோம்." ஒரு கூடையை ஓரமாக இழுத்து வைத்தாள். "நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேக்கணும்னுதான் இருந்தேன். உன் மூஞ்சியப் பாத்தா கேக்க வரல. ஆனா நல்லாருன்னும் சொல்ல வரல."

காலில் விழப் போனேன். விலகிக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பினோம். அண்ணன் ரயில் பெட்டிக்குள் காலை வைக்க மாட்டேன் என்று அழுதார்.

ஜூலை 28, வெள்ளி

காவல் நிலையத்தில் மறுபடி எழுதி வாங்கினார்கள். என்ன நடவடிக்கை என்று பிறகு தெரியுமாம். தலைமையாசிரியை ஒரு வாரம் விடுப்பில் இருக்கச் சொல்லியிருக்கிறார்.

செல்வின் காலையில் அண்ணனைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய், குளிப்பாட்டி, சட்டை போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போகிறார். அரை மணி நேரம் தாமதமாகத் திறந்துகொள்ளலாமா என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார். ஏழு மாதம் முன்பே கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. என்னிடம் இன்னும் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறார்.

ஜூலை 30, ஞாயிறு

பத்மாவதி போன் செய்தாள். ஆள் கிடைத்துவிட்டாரே, பக்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். "கிடைத்துவிட்டார்" என்று மேலே ஒரு வரி சேர்த்தேன். பாண்டியம்மாளுக்கும் அவள் மகளுக்கும் நன்றி எழுதினேன். மற்ற எதையும் தொடவில்லை. நான் எழுதியதும் அப்படியே இருக்கட்டும் என்றேன். இருக்கிற வரை நானே பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன் என்னைக் கண்ணை விட்டு விலக விடுவதில்லை. அடுப்படிக்குப் போனால் அடுப்படி, மொட்டை மாடிக்குப் போனால் மொட்டை மாடி. புடவையோ துப்பட்டாவோ கையில் ஒரு நுனி இருக்க வேண்டும்.

இன்று மத்தியானம் குளிக்கப் போனேன். "பத்து நிமிசம்ணே, இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், வெளியே இடி மாதிரி அடித்தார். அலறினார். கூடத்திலிருந்து செல்வின் ஓடிவருவது கேட்டது. வந்தவர் கதவுக்கு வெளியே நின்றபடி சொன்னார்: "பேசு பெனிட்டா. உன் சத்தம் கேட்டா அடங்குவான். ஏதாவது பேசிக்கிட்டே இரு."

என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "உனக்காக ஒரு பக்கம் செஞ்சேன்ணே. மொத ஒண்ணு எடுத்தேன், அதுல உன் படம் கீழ கீழ போயிட்டு. இன்னொண்ணு ரொம்பப் பெருசு, தொடவே பயமா இருந்துச்சு. அப்புறம் ஒரு கல்யாணப் பக்கம். பூவெல்லாம் அழிச்சிட்டு நடுவுல உன்ன வச்சேன்…"

அடி நின்றது. தண்ணீர் ஊற்றாமல் காது கொடுத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. கீழ் இடுக்கு வழியாக நாலு விரல் உள்ளே வந்தது.

நான் ஈரத் தரையில் உட்கார்ந்து அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டேன். மீதியையும் சொன்னேன்.